மருமகனின் வண்டிக்குச் சார்ஜ் ஏறவில்லை

மட்டக்களப்பு வாவியின் இக்கரையிலும் அக்கரையிலும் விளையாட்டுக்குக் குறைவில்லை. கால்பந்தென்றால் ஊர் இரண்டாகும். கரம் போர்டுக்காக மச்சானும் மச்சானும் மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் திரிவார்கள். கோல்ஃப் விளையாடுகிற மனிதன் மட்டும் மருந்துக்கும் கிடையாது. அப்படியிருந்தும் காத்தான்குடியில், வாவிக்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில், உசனார் ஹாஜியாரின் வீட்டுப் போர்ட்டிக்கோவில் வெள்ளை நிறத்தில் ஒரு கோல்ஃப் வண்டி நின்றது. நின்றது என்பதுதான் சரியான சொல். ஓடியது என்றால் பொய்யாகிவிடும்.

வண்டியின் சொந்தக்காரன் இஷாம், ஹாஜியாரின் மூத்த மருமகன். துபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பில் நான்கு வருடம் இருந்தவன். அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்டால், "வண்டி செக்ஷனுக்கு நான்தான் சுப்பர்வைசர்" என்பான். அவன் மனைவி இர்ஷானாவுக்கு மட்டும் உண்மை தெரியும். புல்தரையில் ஓடிவிட்டு வரும் வண்டிகளைக் கழுவித் துடைத்து, வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சார்ஜர் பிளக்கைச் செருகுவதுதான் அவன் வேலை. செருகியதற்கு அப்பால் நடப்பதைக் கவனிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒருநாள் வீடியோ கோலில் கைதவறிக் கமெரா திரும்பிவிட, ரப்பர் பூட்ஸும் சவர்க்கார நுரையுமாக அவன் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. குடும்பம் குலையாமல் இருப்பதற்கு இப்படிச் சில கேள்விகளைக் கேளாமல் விடவேண்டியிருக்கிறது.

லீவில் வந்தவனைப் பார்த்து மூன்று வயது மகள் இனாயா, "இந்த அங்கிள் எப்ப போவாரு?" என்று கேட்டாள். பிறந்தபோது தகப்பனைப் பார்க்காத பிள்ளை வேறென்ன கேட்கும்? அன்றைக்கே இஷாம் இனித் துபாய்க்குப் போவதில்லை என்று முடிவெடுத்தான். இர்ஷானா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதவள் கறியை அடிப்பிடிக்க விட்டாள். அதற்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊரோடு இருப்பதென்றால் ஒரு தொழில் வேண்டும். பாசிக்குடாப் பக்கம் மூடிக்கிடந்த ஹோட்டலொன்று தன் சாமான்களை ஏலம் விட்டது. மற்றவர்கள் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போக, இஷாம் கோல்ஃப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். வாவிக்கரையைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்கலாம், கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை கொண்டுவரலாம் என்பது திட்டம். நம்பர் பிளேற் இல்லாததால் பேரீச்ச மரங்கள் நிற்கும் பெரிய வீதியில் அதை ஓட்ட முடியாது. ஒழுங்கைக்குள் மட்டும் ஓடலாம். ஓடினால்.

லொறியிலிருந்து இறக்கிய அன்று அது போர்ட்டிக்கோ வரை அழகாக ஓடியது. அடுத்தநாள் இனாயாவை ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல் வரை போய் வந்தது. அதற்கு அடுத்தநாள் ஒழுங்கை முனையில் படுத்துவிட்டது. சாரம் விற்கும் ஹாஜியாரின் கடைப் பொடியன்மார் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். இஷாம் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தபடி, "மெதுவா, மெதுவா, இது கோல்ஃப் வண்டி" என்று கட்டளை கொடுத்துக்கொண்டு வந்தான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. ஆண் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்து சேருவான். வந்து சேர்ந்தவனுக்கு நடக்கும் மரியாதையைச் சொல்லி மாளாது. கோழியில் நல்ல துண்டு அவனுக்கு, காற்று வரும் கதிரை அவனுக்கு, பேச்சில் கடைசி வார்த்தையும் அவனுக்கு. மருமகன் பிழை விட்டான் என்று சொல்வது பெரிய குற்றம். உசனார் ஹாஜியாரின் மனைவி, சித்தி நபீஸா என்று பெயர், இன்னும் ஒரு படி மேல். மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவவிடம் இல்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் இதை விட்டுவிட்டார்கள், அவ விடவில்லை. ஏதாவது சொல்வதென்றால் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வா. மகள் அதைக் கழுவித் துடைத்துக் கணவனிடம் கொண்டுபோவாள்.

ஹாஜியாருக்குச் சாரக்கடையும் சாரக்கடைக்காரனின் கணக்கும் இருந்தன. ஒருநாள் சாப்பாட்டின்போது மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "மருமகன், நம்மட சின்னவள் ஹப்ஸாக்குக் கலியாணம் வருகுது. மாப்பிள்ளை இந்த வண்டியிலதான் நம்மட வாசலுக்கு வரணும். வண்டி ஓடிச்செண்டா ஊரோட இரிங்க, தொழிலப் பாருங்க. ஓடல்லண்டா துபாய்க்குத் திரும்பிப் போற அலுவலைப் பாப்பம். வயசு போனா அங்கயும் எடுக்கமாட்டானுகள், என்ன?"

"ஓம் மாமா" என்றான் இஷாம். திரைக்கு இந்தப் பக்கம் இர்ஷானா சோற்றுக் கோப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இளைய தங்கச்சியின் கலியாணத்துக்கு ஆடைக்கு அளவு கொடுக்கவேண்டியவள், அன்றிலிருந்து பற்றரிக்குத் துஆச் செய்யத் தொடங்கினாள்.

வண்டியின் நோய் விசித்திரமானது. பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரத்தில் போர்ட்டிக்கோச் சுவரில் இருந்த பொயின்ற்றில் சார்ஜரைச் செருகினால் சிவப்பு லைற் எரியும், உர்ரென்று சத்தமும் வரும். காலையில் வந்து பார்த்தால் ஒரு லைற்றும் இல்லை, சத்தமும் இல்லை. வண்டியை எடுத்தால் இரண்டு வீடு தாண்டிப் படுத்துவிடும். சரி, பகலில் போடுவோம் என்று பிளக்கைச் செருகினால் சார்ஜர் செத்த சவமாகக் கிடக்கும்.

இஷாம் இதை ஆராய்ந்தான். வெறும் கையோடு ஆராயவில்லை. மட்டக்களப்பு நகருக்குப் போய் ஒரு மல்ரிமீற்றர் வாங்கி வந்து, அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆராய்ந்தான். வைத்தியருக்குக் குழாய் எப்படியோ அப்படி அவனுக்கு அது. அதை வைத்துப் பற்றரிகளை அளந்தான், சார்ஜரை அளந்தான், ஒருமுறை கைதவறித் தன்னையும் அளந்து "உம்மோவ்" என்று கத்தினான். அளக்காமல் விட்ட ஒரேயொரு இடம் சுவரில் இருந்த பொயின்ற்தான். சுவரில் இருப்பது வீட்டுக் கறண்ட். வீட்டில் லைற் எரிகிறது, பொயின்ற்றில் கறண்ட் இல்லாமல் எங்கே போகும்?

ஆராய்ச்சியின் முடிவை வீட்டார் எல்லோரையும் கூட்டி வைத்து அறிவித்தான்.

"இது புத்தியுள்ள சார்ஜர். பற்றரி நிரம்பினா தானா நிண்டுடும். காலையில லைற் இல்லாததுக்கு அதுதான் காரணம். நிரம்பினா பச்சை லைற் எரியணும்தான், ஆனா இந்த சார்ஜர்ல பச்சை லைற் பழுது. இரவைக்கு ஃபுல்லா ஏறுது, காலையில இறங்கிடுது. அப்ப பற்றரி பிடிச்சு வெச்சிருக்குதில்ல."

"பகல்ல ஏன் மருமகன் வேலை செய்யிதில்ல?" என்று கேட்டார் ஹாஜியார்.

"சூடு மாமா. நம்மட ஊர் வெயிலுக்குச் சார்ஜர் சூடாகித் தன்னைத்தானே பாதுகாக்குது. துபாயில சார்ஜ் போடுற றூமுக்கே ஏசி."

ஹாஜியார் தலையை ஆட்டினார். தனக்கு ஏசி இல்லாத வீட்டில் வண்டிக்கு ஏசி கேட்டுவிடுவானோ என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது. இஷாம் அவ்வளவு தூரம் போகவில்லை. சார்ஜருக்கு மேலே தென்னங்கிடுகில் ஒரு சின்னக் கூரை போட்டான். சாக்கை நனைத்துப் பக்கத்தில் தொங்கவிட்டான். அது போதாதென்று ஹாலுக்குள்ளிருந்து எக்ஸ்ரென்ஷன் வயர் இழுத்து ஒரு மேசை மின்விசிறியை வைத்தான். சூடேறாத சார்ஜருக்கு அந்த மின்விசிறி நாள் முழுவதும் காற்று வீசிக்கொண்டிருந்தது. வீட்டு மனிதர்கள் உள்ளே வேர்வையில் குளித்தார்கள்.

"அந்த எக்ஸ்ரென்ஷன்லயே சார்ஜரையும் போட்டா என்ன மச்சான்?" என்று இர்ஷானா ஒருநாள் கேட்டாள். வேறு காரணத்துக்காக அல்ல, காலில் தடக்கும் வயர்களில் ஒன்று குறையட்டுமே என்றுதான் கேட்டாள்.

இஷாம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "இந்த சார்ஜர் இழுக்கிற கறண்டுக்கு மெல்லிய எக்ஸ்ரென்ஷன்ல போடவே கூடாது இர்ஷானா. அது முதலாவது ரூல். கிளப்பில சுவத்தில எழுதி ஒட்டியிருந்திச்சு."

உண்மையில் அது சரியான விதி. துபாயில் நான்கு வருடத்தில் அவன் கற்றுக்கொண்ட சரியான விடயம் அது ஒன்றுதான். அதுதான் அவனைக் கவிழ்த்தது.

கல்லடியிலிருந்து பற்றரிக் கடை வைத்திருக்கும் நல்லரத்தினம் என்பவரையும் கூட்டி வந்தான். அவர் ஒவ்வொரு பற்றரியின் மூடியையும் திறந்து மூக்கை விட்டுப் பார்த்து, நாக்கைச் சப்பி, "தம்பி, எல்லாத்தையும் மாத்தினாத்தான் சரி" என்றார். தேங்காய் வியாபாரியிடம் கேட்டால் எல்லா நோய்க்கும் இளநீர் நல்லது என்பான்தானே. புதுப் பற்றரிகள் வாங்க இஷாமின் கையில் வழியில்லை. ஆகவே நல்லரத்தினத்துக்குக் கோல்ஃப் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டி, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தான். பற்றரித் தண்ணி ஊற்றினான். வண்டியின் தரையைக் கழற்றினான், பூட்டினான். பூட்டியபின் மிஞ்சிய ஆணிகளை ஒரு பாணிப் போத்தலில் போட்டு வைத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தையே கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது சித்தி நபீஸாவும் இர்ஷானாவும் சமையலறைக்குள் வாவி இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இஷாம் வண்டிக்கு அடியில் கிடந்தான், கால் மட்டும் தெரிந்தது.

"புள்ள" என்றா சித்தி நபீஸா, இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பொயின்ற் வாசல் கேற் லைற் சுவிட்சோட எலுவா போகுது?"

"எந்தப் பொயின்ற்?"

"மருமகன் வண்டிக்குப் போடுறாரே, அதுதான். வீடு கட்டக்குள்ள நான்தான் அப்பிடி வைக்கச் சொன்னன். பெருநாளைக்குச் சோடினை லைற் போட்டா உள்ளுக்க இருந்தே அணைக்கலாம் எண்டு. கேற் லைற்ற மஃரிபுக்குப் போடுவன், இஷாத் தொழுதுட்டுப் படுக்கக்குள்ள அணைப்பன். அப்ப அந்தப் பொயின்ற்றுக்கும் கறண்ட் வராதெலுவா?"

இர்ஷானாவின் கையில் இறால் அப்படியே நின்றது. மஃரிபுக்கு எரிகிற சிவப்பு லைற், காலையில் செத்துக்கிடக்கிற சார்ஜர், பகலெல்லாம் அசையாத சார்ஜர், அதற்கு வீசிய காற்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவள் தலைக்குள் வந்து உட்கார்ந்தன.

"உம்மா! இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்ற? மருமகன் துபாயில சுப்பர்வைசரா இருந்தவர். அவருக்குத் தெரியாம இரிக்குமா? தெரிஞ்சிதான் என்னமோ கணக்குப் பண்ணிச் செய்யிறார் எண்டு இருந்தன். நான் போய் அவருக்குச் சுவிட்ச் காட்டிக் குடுக்கிறதா? மரியாதை என்னத்துக்கு ஆகும்?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இஷாமின் புளுகு நான்கு வருடம் நின்று, இப்போது அவன் மடியிலேயே வந்து விழுந்திருந்தது.

இர்ஷானா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். ஒற்றை வசனம்தான் சொல்லவேண்டும். "மச்சான்" என்றாள். வண்டிக்கு அடியிலிருந்து இஷாம் வெளியே வந்தான். நெற்றியில் கிரீஸ், தலைமயிரில் கிடுகுத் தூள். சின்னப் பிள்ளையைப் போல் நம்பிக்கையோடு அவளைப் பார்த்தான்.

"சுவிட்சுப் பக்கம் ஒருக்காப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"சுவிட்சா?" என்று அவன் எழுந்து உட்கார்ந்தான். "இதில எத்தனை சுவிட்ச் இரிக்கி தெரியுமா உனக்கு? கீ சுவிட்ச், முன்னுக்குப் பின்னுக்குப் போற சுவிட்ச், பெடலுக்குக் கீழ ஒரு மைக்ரோ சுவிட்ச். எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கேக்கிறாயே, பரவாயில்லையே!" என்று மனம்விட்டுச் சிரித்தான். துபாயிலிருந்து வந்தபின் அப்படி அவன் சிரித்ததை அவள் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் இத்தனை நாளாக அணைந்து கிடக்கும் சுவிட்சோடு சண்டை பிடிக்கிறீர்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவன் மறுபடியும் அடியில் போய், பெடலைக் கழற்றத் தொடங்கினான்.

சொல்ல முடியாததைச் செய்துவிடுவோம் என்று தாயும் மகளும் முடிவெடுத்தார்கள். அன்றிலிருந்து சித்தி நபீஸா கேற் லைற் சுவிட்சை அணைக்கவில்லை. சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் புறப்பட்ட ஹாஜியார், விடிய விடிய எரிந்த லைற்றைக் கண்டு, "மின்சார சபைக்காரன் நமக்கென்ன மாமா மகனா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டு, அதை அணைத்துவிட்டுப் போனார். அன்று பகல், ஆண்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் இர்ஷானா பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி, கேற் லைற் பல்பைக் கொஞ்சம் கழற்றி விட்டாள். பிறகு சுவிட்சைத் திரும்பப் போட்டாள். சுவிட்ச் போட்டபடி இருந்தது, லைற் எரியவில்லை. அவர்கள் வீட்டில் நடந்த மின்வேலைகளில் அதுதான் பிழையில்லாமல் நடந்தது.

அதே நாளில்தான் இஷாமும் கடைசி வைத்தியத்தில் இறங்கியிருந்தான். பற்றரித் தலைகளில் பூத்துக்கிடந்த வெள்ளைத் தூளை அப்பச் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, மாமியின் அலுமாரியிலிருந்து வாங்கிய வாசலினை மேலே பூசினான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சார்ஜரில் பச்சை லைற் எரிந்துகொண்டிருந்தது. பழுதென்று அவன் தீர்ப்பளித்த அதே பச்சை லைற். வாசலின் பூசியதில் பல்பும் சுகப்பட்டுவிட்டது என்றுதான் அவன் நினைத்திருக்கவேண்டும்.

வண்டி ஒழுங்கை முனைக்குப் போனது. வாவிக்கரைக்குப் போனது. திரும்பியும் வந்தது. இஷாம் வாசலில் நின்று, "இர்ஷானா! பிடிச்சிட்டன்! நோயைப் பிடிச்சிட்டன்!" என்று கத்தினான். இர்ஷானா இனாயாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஒழுங்கையில் ஆட்கள் நிற்பதையும் மறந்து அழுதாள். தன் கணவன் தன்னோடு இருக்கப்போகிறான். வாசலினுக்கு அந்தப் பெருமை போனால் போகட்டும்.

கலியாணத்தன்று ஏறாவூரிலிருந்து வந்த மாப்பிள்ளை அப்ஹாம், பெரிய வீதியில் வேனிலிருந்து இறங்கி, பூச்சரம் கட்டிய கோல்ஃப் வண்டியில் ஏறினான். முன்னால் இஷாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டினான். சத்தமே இல்லாமல் வந்த வண்டியைப் பார்க்க ஒழுங்கையின் எல்லா மதில்களுக்கு மேலும் தலைகள் முளைத்தன. ஹாஜியார் வந்தவர் போனவர் எல்லோரையும் பிடித்து நிறுத்தி, "மூத்த மருமகன்தான் திருத்தின. துபாயில சுப்பர்வைசர். பற்றரியில கையை வெச்சா அது பேசும்" என்றார். மாப்பிள்ளையை விட வண்டிக்காரனை அதிகம் பேர் பார்த்தார்கள். அப்ஹாமுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அவனும் இனி மருமகன், ஒன்றும் சொல்ல முடியாது.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நல்லது. ஆனால் இஷாமின் கையில் ஒரு கைபேசி இருந்தது. கோல்ஃப் வண்டிக்குச் சார்ஜ் ஏறாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று அவன் ஒரு வீடியோ எடுத்தான். மல்ரிமீற்றர் கழுத்தில், கிடுகுக் கூரை பின்னால், மின்விசிறி பக்கத்தில். சூட்டுத் தத்துவத்தை விளக்கினான், அப்பச் சோடாவைக் கரைத்துக் காட்டினான், வாசலினைப் பூசிக் காட்டினான். அதைக் கிளப்பில் தன்னோடு வேலை செய்தவர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவைத்தான்.

கிளப்பில் அப்போது பாதி வண்டிகள் சார்ஜ் ஏறாமல் கிடந்தன. யாரோ அந்த வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டிய வெள்ளைக்கார மனேஜருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் ஆபத்து இருந்திருக்காது. அவர் கண்டதெல்லாம் கழுத்தில் மீற்றர் தொங்கும் ஒரு மனிதன், வெப்ப நாட்டுக்கென்றே அவன் கண்டுபிடித்த குளிரூட்டும் ஏற்பாடு, கடைசியில் பச்சை லைற். மூன்றாம் நாள் துபாயிலிருந்து கோல் வந்தது. வண்டி செக்ஷனுக்குச் சுப்பர்வைசர் வேலை. விசா உடனே.

ஒரு மனிதன் நான்கு வருடமாகச் சொல்லிவந்த பொய் உண்மையாகி வந்து வாசலில் நின்றால் அவன் என்ன செய்வான்? ஹாஜியார் இனிப்பு வாங்கி ஒழுங்கைக்கே பங்கிட்டார். ஓடினால் ஊரோடு இருக்கலாம் என்று சொன்னதே அவருக்கு மறந்துவிட்டது. தோற்றுத் திரும்பிப் போகிற மருமகனுக்கும் சுப்பர்வைசராகப் போகிற மருமகனுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

அன்று பின்னேரம் அறைக்குள் இஷாம் பெட்டியை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தான். இர்ஷானா கதவைச் சாத்தினாள். இனி மறைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

"மச்சான், பற்றரியில ஒரு பிழையும் இருக்கல்ல. கேற் லைற் சுவிட்ச் அணைஞ்சு கிடந்திச்சு. அவ்வளவுதான்."

அவன் திடுக்கிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பெட்டியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"கலியாணத்துக்கு முதல் நாள் கேற் லைற் எரியல்ல எண்டு பல்பப் பாத்தன். கழண்டு கிடந்திச்சு. திருகினா எரியிது. சுவிட்ச அணைச்சா சார்ஜரும் நிக்கிது." அவன் பெட்டியின் பூட்டை அமத்தி அமத்திப் பார்த்தான். "அதுக்கிடையில மாமா பள்ளியில எல்லாரிட்டயும் சொல்லிட்டார்."

"அங்க போய் என்ன செய்யப் போறீங்க? அந்த வேலை உங்களுக்குத் தெரியாதே."

"போனாப் பழகலாம்."

"அப்ப போகாதீங்க. வாப்பாக்கிட்ட உள்ளதச் சொல்லிட்டு நில்லுங்க. அவர் ஏசமாட்டாரு."

"ஏசமாட்டார்தான்" என்றான் இஷாம். "சிரிப்பார். சொல்லிட்டு நான் இந்த வீட்டில எப்பிடி இரிக்கிற?"

ஒரு வசனத்தைச் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்கில் பாலைவனத்துக்குப் போகத் தயாராக நிற்கும் மனிதனை என்ன செய்வது? இர்ஷானாவுக்கு அவன் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. அவன் சொல்லாவிட்டால் தான் சொல்வதென்று முடிவெடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹாஜியார் நடுவில், மூத்த மருமகன் ஒரு பக்கம், புது மருமகன் மறுபக்கம். கோழியின் நல்ல துண்டு இப்போது இரண்டாகப் பங்கிடவேண்டியிருந்தது. சித்தி நபீஸா திரைக்குப் பின்னால் நின்றா. இர்ஷானா கறிக் கோப்பையோடு வந்தாள், வைக்கவில்லை.

"வாப்பா, ஒரு விசயம். வண்டியில ஒரு பழுதும் இருக்கல்ல. போர்ட்டிக்கோப் பொயின்ற் கேற் லைற் சுவிட்சோட போகுது. உம்மா இரவைக்கு அதை அணைச்சிப்போட்டுப் படுத்ததால சார்ஜ் ஏறல்ல. நாங்க சுவிட்சப் போட்டுவிட்டம், ஏறிச்சு. இவர் ஒண்டையும் திருத்தல்ல. இவருக்கு அந்த வேலை தெரியா. இவர அனுப்பாதீங்க வாப்பா."

சோற்றில் இருந்த கைகள் நின்றன. அப்ஹாம் மட்டும் முதல்முறையாக மாமி வீட்டுச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுகிறவன் போல் தெரிந்தான். ஹாஜியார் மூத்த மருமகனைப் பார்த்தார். மூத்த மருமகன் பீங்கானைப் பார்த்தான். ஹாஜியார் திரைப் பக்கம் திரும்பினார்.

"நபீஸா, புள்ள சொல்றது உண்மையா?"

இர்ஷானா திரையைப் பார்த்தாள். உம்மா ஒரேயொரு 'ஓம்' சொன்னால் போதும். இறால் உரிக்கும்போது அவ்வளவு விளக்கமாகச் சொன்ன வாய்தானே.

"எனக்கு இந்தச் சுவிட்சுக் கதையெல்லாம் தெரியா" என்றது திரை. "மருமகன்தான் ராப்பகலாக் கிடந்து திருத்தினாரு. ஊருக்கே தெரியும். புள்ளைக்கு அவர விட மனமில்ல, அதான் என்னமோ பேசுறா. மருமகன மனசில எடுக்க வேணாமெண்டு சொல்லுங்க."

ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நிம்மதி இருந்தது. "பாத்தீங்களா மருமகன், உங்கள விட ஏலாமப் புள்ள பொய்யும் சொல்லத் தொடங்கிட்டு" என்றார். இர்ஷானா கணவனைப் பார்த்தாள். இப்போதும் காலம் போகவில்லை. அவன் வாயைத் திறந்து, இல்லை மாமா, அவள் சொல்வது உண்மை என்று சொன்னால் முடிந்தது.

"அவளுக்கு நான் போறது கவலைதானே மாமா" என்றான் இஷாம். சோற்றைப் பிசைந்தான். கண்ணை உயர்த்தவில்லை.

அவள் கறிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பின்னால் சித்தி நபீஸா வந்தா. மகளின் தோளில் கையை வைத்தா. இர்ஷானா கையைத் தட்டி விடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"என்ன செய்யச் சொல்றாய் புள்ள? புது மருமகனுக்கு முன்னால மூத்தவரட மானத்த வாங்குறதா? அவரட மானம் நமக்குப் பெரிசில்லையா?"

"பெரிசுதான் உம்மா" என்றாள் இர்ஷானா. "மானம் இஞ்ச நம்மட வீட்டில நல்லா இரிக்கும். மனிசன்தான் இரிக்கமாட்டாரு."

மேசையிலிருந்து ஹாஜியார் தண்ணீர் கேட்டார். சித்தி நபீஸா போத்தலை எடுத்துக்கொண்டு போய், திரைக்குப் பின்னால் நின்று நீட்டினா.